மூன்று வாய் கடந்து வந்த சம்மதம்

"எனக்கு உங்க பொண்ணைப் பிடிச்சிருக்குதுங்க மாமா."

இப்படிச் சொன்னது நான். கேட்டுக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருந்தவர் என் சொந்தத் தாய்மாமன் சென்றாயன். பொண்ணு என்றது என் கூடப் பிறந்த தங்கச்சி செண்பகத்தை.

மாசி மாத மத்தியானம். வயர்லெஸ் கொட்டகைக்கு முன்னால் இருந்த பலாமரத்தடியில் பாய் விரித்து ஊர் உட்கார்ந்திருந்தது. நடுவில் பித்தளைத் தாம்பாளம். அதில் வெற்றிலை, பாக்கு, ஒரு சீப்பு வாழைப்பழம். என் இரண்டு காதிலும் கறுப்பு ஹெட்போன். அதன் ரப்பர் வெயிலில் இளகிக் காது மடலில் ஒட்டிக்கொண்டிருந்தது.

நான் யார் முகத்தையும் பார்க்கவில்லை. தாம்பாளத்தின் விளிம்பில் ஓர் எறும்பு சுற்றிச் சுற்றி வந்தது. அதைப் பார்த்துக்கொண்டே சொன்னேன்.

"சத்தமா சொல்லுடா," என்றார் மாமா. "பின்னாடி இருக்கறவங்களுக்குக் கேக்கல."

இன்னொரு தடவை சொன்னேன். பின்னால் எங்கேயோ ஒரு பெண் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரிக்கும் சத்தம் கேட்டது.

இந்தத் தொடரை முதலிலிருந்து படித்து வருகிறவர்களுக்கு என் கூச்சம் எப்படிப்பட்டது என்று தெரியும். பஸ்ஸில் 'நிறுத்துங்க' என்று சொல்ல வாய் வராமல் அடுத்த ஊர் வரை போய், அங்கிருந்து நடந்து திரும்பியவன் நான். அப்படிப்பட்டவன் ஊர் நடுவில் உட்கார்ந்து தன் தங்கச்சியையே பெண் கேட்ட கதை இது.

அறுந்து போகாத பேச்சு

இத்தனை வருஷம் கழித்து அந்த நாள் ஞாபகத்துக்கு வந்ததற்குக் காரணம் என் மகள்தான். அவள் டவர் கம்பெனி ஒன்றில் வேலை பார்க்கிறாள். போன பொங்கலுக்கு இருவரும் பஸ்ஸில் மலை ஏறிக்கொண்டிருந்தோம். அடிவாரத்தில் ஆரம்பித்தது அவள் போன் பேச்சு. வளைவு மேல் வளைவாகப் பஸ் திரும்புகிறது. ஒரு டவர் மலைக்குப் பின்னால் போய் மறைகிறது, இன்னொன்று எதிரில் எழும்புகிறது. அவள் பேச்சு மட்டும் அறுந்து போகவே இல்லை.

"எப்பிடிம்மா இது?" என்று கேட்டேன்.

"போன் சும்மா இருக்காதுப்பா. பக்கத்துல எந்தெந்த டவர் எவ்ளோ நல்லா கேக்குதுன்னு பார்த்துக்கினே வரும். அதை இப்ப பிடிச்சிருக்கற டவருக்குச் சொல்லிக்கினே இருக்கும். அந்த டவர் அடுத்த டவர்கிட்ட, 'ஒருத்தர் வர்றாரு, இடம் போட்டு வை'ன்னு முன்னாடியே சொல்லிடும். போய்ச் சேரும்போது இடம் தயாரா இருக்கும்."

"அடுத்தது எந்த டவர்னு தெரியலைன்னா?"

"இப்ப வந்திருக்கற முறையில ரெண்டு மூணு டவர்லயும் இடம் போட்டு வைக்கலாம். போன்கிட்ட, 'இதைவிட அது நல்லா கேட்டா யாரையும் கேக்காத, நீயே தாவிக்கோ'ன்னு சொல்லி வச்சிடுவாங்க. ஏன்னா கடைசி நேரத்துல பழைய டவர் 'தாவு'ன்னு சொல்றதே காதுல விழாம போய்டலாம் இல்ல?"

"தாவாத டவர்ல போட்ட இடம்?"

"விட்டுடுன்னு அதுக்கும் சொல்லிடுவாங்க."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "அதைத்தாம்மா நாங்க மறந்துட்டோம்," என்றேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. பஸ்ஸை விட்டு இறங்குவதற்குள் அவளுக்குச் சொன்ன கதையைத்தான் இப்போது எழுதுகிறேன்.

ஓ

அதற்கு முன்னால் எங்கள் மலையின் கூப்பாட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் ஊர்ச் சரிவிலிருந்து பார்த்தால் எதிர்ச் சரிவில் இருக்கும் வீடு கைக்கெட்டும் தூரம்போலத் தெரியும். நடந்தால் பள்ளம் இறங்கி மேடு ஏறுவதற்குள் பொழுது சாய்ந்துவிடும். அதனால் சேதி சொல்ல வேண்டியவர் பாறைமேல் ஏறி 'ஓ...' என்று கூப்பிடுவார். எதிர்ச் சரிவில் யார் காதில் விழுகிறதோ அவர் 'ஓ...' என்று பதில் கொடுப்பார். அதற்குப் பிறகுதான் சேதி. வாங்கினவர் தன் பங்குக்கு அடுத்த சரிவைப் பார்த்துக் கூப்பிட்டுக் கொடுப்பார்.

இதற்குச் சட்டம் உண்டு. அடுத்தவர் 'ஓ' கொடுக்கும்வரை முதலில் கூப்பிட்டவர் பாறையை விட்டு இறங்கக் கூடாது. 'ஓ' கொடுத்துவிட்டால் அப்புறம் 'எனக்குக் கேக்கல' என்று சொல்லக் கூடாது. சேதி அவர் பொறுப்பு. வார்த்தையை மாற்றவும் கூடாது. சொன்னவர் 'நான்' என்றால் கொண்டு போகிறவரும் 'நான்' என்றுதான் சொல்ல வேண்டும்.

நான் சின்னவனாக இருந்தபோது, கடா மீசை வைத்த காளி என்பவர் பாறைமேல் நின்று, "யம்மா, நான் முழுவாம இருக்கறேன், புளிப்பா எதனா குடுத்தனுப்பு!" என்று மலை அதிரக் கத்தியதைக் கேட்டிருக்கிறேன். அது அடுத்த சரிவில் வாழ்க்கைப்பட்ட ஒரு பெண் தன் தாய்க்குச் சொன்ன சேதி. யாரும் சிரிக்கவில்லை. கூப்பாடு கொண்டு போகும் வாய் அந்த நேரத்துக்குக் காளியின் வாய் இல்லை.

பழக்கம் எவ்வளவு ஊறியது என்றால், செங்கம் சந்தையில் ஒரு தடவை லாரியைப் பின்னால் எடுக்க வைத்த கிளீனர் "ஓ... ஓ..." என்று கத்த, புளி மூட்டையோடு நின்றிருந்த எங்கள் ஊர்க்காரர்கள் அத்தனை பேரும் "ஓ..." என்றார்கள். கிளீனர் பயந்து லாரியை நிறுத்திவிட்டான்.

கம்பத்து ஆட்கள்

எண்பதுகளின் கடைசியில், பத்தாவது முடித்த கையோடு எனக்கு ஒரு இலாகாவில் வயர்லெஸ் வேலை கிடைத்தது. எந்த இலாகா என்று எழுதவில்லை. செய்த காரியம் அப்படி.

எங்கள் ஊர்க் கோடியில் ஒரு தகரக் கொட்டகை. பக்கத்தில் உயரமான ஏரியல் கம்பம். உள்ளே ஒரு செட், ஒரு கார் பேட்டரி, ஒரு மைக். செட்டின் ஒலிபெருக்கி கிழிந்துபோய், பதிலுக்கு ஹெட்போன் ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். ஆகையால் வருகிற பேச்சு என் காதுக்கு மட்டும்தான் கேட்கும்.

இதே மாதிரி இன்னும் மூன்று இடங்களில் கம்பம் இருந்தது. செங்கம் பக்கத்து அடிவாரத்தில் ரங்கண்ணன். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், எதற்கும் சிரிக்கிறவர். மலை முகட்டுக் காவல் கோபுரத்தில் துரைசாமி. 'சரி, ஓவர்' என்பதைத் தவிர அவனிடம் வேறு சொல் கிடையாது. நெல்லிவாசல் நாட்டுப் பக்கம் மரக்கிடங்கில் காதர் பாய்.

நாங்கள் நாலு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் சரியாகப் பார்த்ததில்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. முகம் தெரியாதவர்களிடம் எனக்குப் பேச்சு வந்தது.

கம்பத்துக்குக் கம்பம் எப்போதும் கேட்கும். கேட்காமல் போவது ஜீப்தான். ஆபீசர் ஜீப்பிலும் ஒரு செட் உண்டு. அதன் ஏரியல் குட்டை. அடிவாரத்தில் இருக்கும்போது ரங்கண்ணனுக்கு மட்டும் கேட்கும். புளியமரத்துப் பிரிவைத் தாண்டி மேட்டு வழியாக வந்தால் துரைசாமிக்கு, பள்ளத்து வழியாக வந்தால் காதர் பாய்க்கு. கடைசி ஏற்றம் ஏறினால்தான் எனக்கு.

அந்த ஜீப்பின் டிரைவர் வேடியப்பன். நெல்லிவாசல் பக்கத்துப் பையன். எங்கள் கொட்டகைக்குத் தண்ணீர் குடிக்க வருவான். செண்பகம்தான் சொம்பு கொண்டு வந்து கொடுப்பாள். ஜீப்புக்கு ஊற்ற வேண்டிய தண்ணீரையும் அவனே குடிப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு விஷயம் புரிந்தது.

தட்டு வைத்தால் பேச்சு அறுக்கக் கூடாது

வேடியப்பன் வீட்டிலிருந்து முறைப்படி கேட்டார்கள். அப்பா அம்மாவுக்குச் சம்மதம். ஆனால் எங்களில் தாய்மாமன் சொல்தான் கடைசிச் சொல். சென்றாயன் மாமாவுக்கு மாது என்று ஒரு மகன். முறைப்படி செண்பகம் அவனுக்குத்தான்.

மாமா கெட்டவர் இல்லை. "முறையை விட்டுத் தர்றேன். ஆனா தட்டு வச்சு, மாப்ளே வாயால கேட்டுத்தான் விடுவேன்," என்றார்.

தட்டு வைப்பது என்றால் தாம்பாளத்தை நடுவில் வைத்துப் பேச்சு ஆரம்பிப்பது. தாய்மாமன் தட்டைக் கையில் எடுத்தால் சம்மதம். எடுப்பதற்கு முன்னால் நடுவில் ஒரு கேள்வி பதில் இல்லாமல் நின்றுவிட்டால் பேச்சு அறுந்தது என்று அர்த்தம். அறுந்த பேச்சை மறுபடி ஒட்டுவதில்லை. செண்பகம் மாதுவுக்குப் போக வேண்டியதுதான்.

மாதுவையும் குறை சொல்ல முடியாது. நல்ல பையன். ஆனால் செண்பகம் அவனைப் பார்த்தால் சட்டைப் பொத்தான் போடச் சொல்லித் திட்டுவாள், தம்பியைத் திட்டுவதுபோல.

நாள் குறித்தாயிற்று. வேடியப்பன் வீட்டார் முதல் நாளே வந்துவிட்டார்கள். காலையில் ரங்கண்ணன் செட்டில் கூப்பிட்டார்.

"ஏம்ப்பா பொன்னா, உன் மாப்ளே வர முடியாது போலிருக்குதே. பெரியவரு திடீர்னு கிளம்பிட்டாரு. மலை பூரா சுத்தணுமாம். வேடியை வண்டியோட பிடிச்சுக்கினாரு. ஓவர்."

பெரியவர் என்றால் ஆபீசர். வீட்டுக்கு ஓடி செண்பகத்திடம் சொன்னேன். அவள் அம்மியில் மசாலா அரைத்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். பிறகு கையை வழித்துவிட்டு எழுந்தாள்.

"நாள் மாத்தச் சொன்னா மாமா இன்னா சொல்லுவாரு?"

"வராத மாப்ளே எதுக்குன்னுவாரு."

"அப்ப உன் செட்டுல பேசச் சொல்லு."

"ஜீப்பு எனக்குக் கேக்காதும்மா. ரங்கண்ணன் கேட்டு, எனக்குச் சொல்லி, நான் சொல்லணும். மாமா, மாப்ளே வாயாலன்னு..."

"பாறை மேல நின்னு கூப்பிட்டா மட்டும் யார் வாயாம்?" என்றாள். "கூப்பாடு மாதிரிதான்னு மாமாகிட்ட சொல்லு. போ. சொல்ல மாட்டன்னா நானே போய்ச் சொல்றேன்."

அவள் போனால் நன்றாக இருக்காது என்று நானே போனேன். மாமா வெகுநேரம் யோசித்தார். "கூப்பாடுன்னா கூப்பாட்டுச் சட்டம்தான்," என்றார் கடைசியில். "வார்த்தை மாறக் கூடாது. வாய் மாறும்போது அறுந்துச்சுன்னா அவ்ளோதான், மருமவனே."

ஜீப் யார் கையில்

கொட்டகைக்குத் திரும்பி மூன்று பேரையும் செட்டில் கூப்பிட்டேன். என் வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக அதற்கு முன் பேசியதில்லை.

ஜீப் அடிவாரத்தில் இருக்கும்வரை ரங்கண்ணன் பிடித்துக்கொள்ள வேண்டும். பிரிவைத் தாண்டினால் அவருக்குக் கேட்காது. பெரியவர் மேட்டு வழி போவாரா பள்ளத்து வழி போவாரா என்று யாருக்கும் தெரியாது. அதனால் துரைசாமி, காதர் பாய் இரண்டு பேருமே முன்கூட்டியே தயாராகக் காதில் மாட்டிக்கொண்டு இருக்க வேண்டும். ரங்கண்ணன் 'இப்ப நீ எடு' என்று சொல்வார் என்று காத்திருக்கக் கூடாது. யாருக்கு வேடியப்பன் குரல் நன்றாகக் கேட்கிறதோ அவர் தானாகவே 'பிடிச்சேன்' என்று சொல்லிவிட்டுப் பேச்சை வாங்கிக்கொள்ள வேண்டும். கடைசி ஏற்றத்தில் நான் வாங்கிக்கொள்வேன்.

"கவர்மெண்டு செட்டுல கல்யாணப் பேச்சா!" என்று ரங்கண்ணன் சிரித்தார். "சரிப்பா, எனக்கு அதிரசம் வரணும். ஓவர்."

"அரே பொன்னன், உன் தங்கச்சி எனக்கும் தங்கச்சி. இன்னைக்கு நான் சோத்துக்குக்கூட எழுந்திருக்க மாட்டேன். ஓவர்," என்றார் காதர் பாய்.

"சரி. ஓவர்," என்றான் துரைசாமி.

வேடியப்பனுக்கு ரங்கண்ணன் சொல்லிவிட்டார். பெரியவர் சாப்பிட்டுவிட்டு ஜீப்பில் ஏறியதும் தூங்கிவிடுவார், அப்போது பேசுகிறேன் என்று அவன் சொல்லி அனுப்பினான்.

இவ்வளவு யோசித்த எனக்கு ஒன்று மட்டும் தோன்றவில்லை. ஒருவர் பிடித்துவிட்டால் மற்றவரிடம் 'நீ விட்டுடு' என்று யார் சொல்வது?

புளியம்பழம்

மத்தியானம் செட்டைக் கொட்டகை வாசலுக்கு இழுத்து வைத்தேன். மாமா தட்டை நடுவில் வைத்தார். மாமாவுக்குப் பின்னால் மாது உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தான்.

"கேளுடா," என்றார் மாமா. "எங்க பொண்ணைப் பிடிச்சிருக்குதா?"

நான் ரங்கண்ணனிடம் கேட்டேன். ரங்கண்ணன் ஜீப்பிடம் கேட்டார். பதில் அதே வழியில் திரும்பி வந்தது. அதைத்தான் நான் எறும்பைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். இந்த அத்தியாயத்தின் முதல் வரி அதுதான்.

மாமா தலையாட்டினார். அடுத்த கேள்விக்குத் தொண்டையைச் செருமினார்.

"டிரைவர் வேலை. இன்னைக்கு இந்த ஊரு, நாளைக்கு வேற ஊரு. எங்க பொண்ணை எங்க வச்சிருப்ப?"

கேள்வியை அனுப்பினேன். ரங்கண்ணன் குரல் சொல்லிற்று: "ஜீப்பு பிரிவுக்கு வந்துட்டுது பொன்னா, குரல் தேயுது. இந்தா, சொல்றான், நான் அவளை..."

"நான் அவளை..." என்றேன் நான், சத்தமாக.

பிறகு காதில் ஒரு நீளமான விசில். கீ... என்று எண்ணெய் போடாத செக்கு மாதிரி. வேறு ஒன்றுமில்லை.

நடந்தது என்ன என்று பின்னால்தான் தெரிந்தது. சரியாகப் பிரிவில், புளியமரத்தடியில், பெரியவர் கண் விழித்து ஜீப்பை நிறுத்தச் சொல்லியிருக்கிறார். மாசி மாதம், பழம் உதிர்ந்து கிடக்கிறது. இறங்கிக் கைக்குட்டையில் பொறுக்க ஆரம்பித்துவிட்டார். பிரிவில் ஜீப் நின்றால் மேட்டுக்கும் கேட்கும், பள்ளத்துக்கும் கேட்கும். துரைசாமியும் 'பிடிச்சேன்' என்றான். காதர் பாயும் 'பிடிச்சேன்' என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேடியப்பன் பதிலை எனக்குச் சொல்லிக்கொண்டிருக்க, இரண்டு குரலும் மோதி எனக்கு விசில் மட்டும் வந்தது. பேசும்போது பொத்தானை அழுத்திக்கொண்டிருப்பதால் அவர்களில் ஒருவர் பேசுவது மற்றவருக்குத் தெரியாது.

"நான் அவளை?" என்றார் மாமா.

நான் ஹெட்போனைக் காதோடு அழுத்தினேன். விசில்தான்.

"நான் அவளை இன்னாடா?"

அம்மா கன்னத்தில் கை வைத்துக்கொண்டாள். மாது முறுக்குக் கடிப்பதை நிறுத்தினான். மாமாவின் கை தட்டை நோக்கி நீளவில்லை. முட்டியில் ஊன்றி எழுந்திருக்கப் போனது.

செண்பகம் கொட்டகைக் கதவோரம் நின்றிருந்தாள். அவள் முகத்தைப் பார்த்தேன். அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். 'எதனா செய்யேன்' என்ற பார்வை அது.

எனக்குச் செய்யத் தெரிந்தது ஒன்றுதான். எழுந்து நின்று, வாயில் கையைக் குவித்து, மலையைப் பார்த்துக் கத்தினேன்.

"ஓ...!"

அடுத்த நொடி பலாமரத்தடியில் இருந்த அத்தனை பேரும், ஆணும் பெண்ணும், வேடியப்பனைப் பெற்றவர்களும், "ஓ...!" என்றார்கள். எதிர்ச் சரிவில் சாமைக் காட்டில் மாடு மேய்த்தவர் "ஓ...!" என்றார். அதற்கும் அப்பால் யாரோ கண்ணுக்குத் தெரியாத ஒருவர் "ஓ...!" என்றார். பாதி எழுந்த நிலையில் இருந்த சென்றாயன் மாமாவும், கையைக் குவித்து, எல்லாரையும்விடப் பலமாக "ஓ...!" என்றார்.

கத்தி முடித்த பிறகுதான் அவருக்கு உறைத்தது. குவித்த கை குவித்தபடியே நின்றது.

"ஓ குடுத்துட்டியே சென்றாயா!" என்று வயசான பங்காளி ஒருவர் தொடையைத் தட்டினார். "ஓ குடுத்தவன் சேதி வாங்காம எழுந்திருக்கக் கூடாதுடா. உக்காரு!"

ஊரே சிரித்தது. மாமா என்னைப் பார்த்து, "திருட்டுப் பயலே," என்றார். உட்கார்ந்தார். அவருக்கும் உதடு ஓரம் துடித்துக்கொண்டுதான் இருந்தது.

அதே சமயம் காதில் விசில் நின்றது. ஜீப் பள்ளத்து வழியில் இறங்கியிருக்க வேண்டும். காதர் பாய் குரல் கணீரென்று வந்தது. அவர் சொல்லச் சொல்ல, வார்த்தை மாற்றாமல் நானும் சொன்னேன்.

"நான் அவளை எங்கயும் வைக்க மாட்டேன். அவ என்னை எங்க வைக்கறாளோ அங்க இருக்கறேன். மாஷா அல்லா!"

"மாஷா அல்லாவா?" என்றார் மாமா.

"அது காதர் பாய் சொன்னதுங்க மாமா. வார்த்தை மாத்தக் கூடாதுன்னீங்களே."

சிரிப்பு அடங்கவே இல்லை. மாது முறுக்கைத் திரும்ப எடுத்துக்கொண்டான். அவன்தான் எல்லாரையும்விடச் சந்தோஷமாகத் தெரிந்தான்.

நேர்ப்பேச்சு

மாமா கையைத் தட்டுக்குக் கொண்டுபோனார்.

"இருங்க மாமா," என்றாள் செண்பகம். "நானும் ஒண்ணு கேக்கணும்."

கல்யாணப் பொண்ணே கேள்வி கேட்பது எங்களில் வழக்கம் இல்லை. கேட்கக் கூடாது என்றும் இல்லை. அதுவரை யாரும் கேட்டதில்லை. மாமா அப்பாவைப் பார்த்தார். அப்பா மரத்தைப் பார்த்தார்.

அதற்குள் காதில் புதுக் குரல். கரகரவென்று, எஞ்சின் இரைச்சலோடு. கடைசி ஏற்றம் ஏறிவிட்டான். "மச்சான், நான் வேடி பேசறேன். கேக்குதா? ஓவர்."

"பிடிச்சேன்," என்று காதர் பாய்க்கும் அவனுக்கும் சேர்த்துச் சொன்னேன். ஹெட்போனைக் கழற்றி செண்பகம் தலையில் மாட்டினேன். மைக்கின் பொத்தானைக் காட்டினேன்.

அவள் என்னைப்போல எறும்பைப் பார்க்கவில்லை. ஊரைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"இவ்ளோ நேரம் அடுத்தவங்க வாய்ல சொன்னீங்க. எங்க அண்ணன் பாவம், வேர்த்துக் கொட்டுது. அதே பேச்சை உங்க வாயால சொல்லுங்க. ஓவர்."

பொத்தானை விட்டாள். கேட்டாள். ஹெட்போனில் வந்தது அவள் காதுக்கு மட்டும். பக்கத்தில் இருந்த எனக்கே கொசு பறக்கிற மாதிரி ஒரு சத்தம்தான் கேட்டது. அது கொஞ்ச நேரம் நீண்டது. அதே பேச்சாக இருந்திருந்தால் அவ்வளவு நேரம் ஆகியிருக்காது. அவள் காதோரம் முதலில் சிவந்தது, பிறகு கழுத்து.

"இன்னா சொன்னான்?" என்றார் மாமா.

"அது எனக்குச் சொன்னது மாமா," என்றாள். "நீங்க தட்டை எடுங்க."

மாமா எடுத்தார். பெண்கள் குலவை இட்டார்கள். அம்மா அழுது சிரித்தாள்.

நான் ஹெட்போனைத் திரும்ப மாட்டியபோது, மேட்டுக் கோபுரத்திலிருந்து துரைசாமி குரல். "பிடிச்சேன். பிடிச்சேன். ஜீப்பு எங்கன்னு தெரியல. ஆனா விடல. ஓவர்." பாவம், யாரும் அவனை விடச் சொல்லவில்லை. அவன் அதற்கு முன்னாலும் பின்னாலும் அவ்வளவு நீளமாகப் பேசி நான் கேட்டதில்லை. "விட்டுடு துரைசாமி, நிச்சயம் ஆயிட்டுது," என்றேன். "சரி. ஓவர்," என்றான்.

கொஞ்ச நேரத்தில் ஜீப் வந்து நின்றது. முதலில் இறங்கியது பெரியவர். கையில் புளியம்பழ மூட்டை. எல்லாரும் எழுந்து நின்றோம். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன்.

"பொண்ணுக்கு மாமா யாருய்யா?" என்றார் பெரியவர். "மனுஷன் தூங்கற மாதிரி எவ்ளோ நேரம்தான் நடிக்கறது? கழுத்து பிடிச்சுக்கிச்சு. நல்ல பையன், தைரியமா குடு." பிறகு என்னிடம் திரும்பி, "நாளையிலேர்ந்து செட்டுல இலாகா விஷயம் மட்டும்," என்றார். பந்தியில் முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தார்.

அதற்குப் பிறகு வேடியப்பன் இறங்கினான். காக்கிச் சட்டை, தலையெல்லாம் செம்மண் தூசி. வழியெல்லாம் வாய் ஓயாமல் பேசி வந்தவன், செண்பகத்தைப் பார்த்ததும் ஜீப் கதவைப் பிடித்துக்கொண்டு கல் மாதிரி நின்றான். ஊரே அவனைப் பார்த்தது.

"சாப்ட்டியா மாப்ளே?" என்று மாமா கேட்டார்.

வேடியப்பன் மாமாவைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். மாமாவும் என்னைப் பார்த்தார். பிறகு எல்லாருமே என்னைப் பார்த்தார்கள்.

"இன்னும் இல்லீங்க மாமா," என்றேன் நான். "ரொம்பப் பசிக்குது."